ஒரு சென்ட் கோரை

2024 ஜூன் 8, சனிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். தண்ணீர் வரும் நாள் என்பதால் முதலில் கீழே போய்த் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டேன். பால் காய்ச்சிக் காபி போட்டேன். இன்னும் அரை லிட்டர் பாக்கெட்தான் வாங்குகிறேன், பழக்கத்தை மாற்றவில்லை. பாதிப் பால் பிரிட்ஜில் மறுநாள்வரை இருக்கும். பைபிளில் சங்கீதம் ஒன்று வாசித்து ஜெபம் செய்தேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய், பழைய பிளெக்ஸ் பேனர் மேல் காயப் போட்டிருந்த கோரைக் கிழங்குகளைக் காலால் தள்ளித் திருப்பிப் போட்டேன். வெயில் நாட்களில் இப்படி நன்றாகக் காய்ந்தால்தான் அவை சாகும். குப்பையில் கொட்டினால் குப்பை மேட்டில் முளைக்கும்.

ஆறரைக்குப் பழைய சட்டை, தொப்பி. ஸ்கூட்டரின் முன்பக்கம் களைக்கொத்தும் மணல் சல்லடையும். கடப்பாரையை அங்கேயே ஷெட்டில் வைத்திருந்தேன். மேற்கே மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. சாரல் விழுமா என்று பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் வீட்டிலிருந்து பக்கம்தான்.

கல்லறைத் தோட்டத்தின் பின்பகுதியில் சபைக்கு இன்னும் கொஞ்சம் நிலம் காலியாக இருக்கிறது. சும்மா போட்டால் யாராவது வேலி போட்டுக்கொள்வார்கள் என்று, ஊரடங்கு முடிந்த சமயத்தில் கமிட்டி அதைப் பாத்திகளாகப் பிரித்துக் குடும்பத்துக்கு ஒன்றாகக் காய்கறி போடக் கொடுத்தது. ஒவ்வொன்றும் சுமார் ஒரு சென்ட். எப்போது தேவைப்படுகிறதோ அப்போது கல்லறைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "இப்ப வெண்டைக்காய், அப்பறம் நாமதானுங்க" என்று பாத்தி பிரித்த அன்றே ஒருவர் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பட்டம், அதாவது இரண்டு விதைப்புப் பருவம், சும்மா போட்டால் பாத்தி அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். விதி என்று அது ஒன்றுதான்.

எங்கள் பாத்தி என் மனைவியின் பேரில் இருந்தது. அவள்தான் கேட்டு வாங்கினாள், அவள்தான் விதைத்தாள். நான் பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஷாப்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் பார்த்துச் சரி, சரியில்லை என்று பிரிப்பது என் வேலை. மண்ணுக்கும் எனக்கும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் பாத்திக்குப் போவாள். நான் வாசலில் வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து காத்திருப்பேன். வந்ததும் கையைக் காட்டுவாள். "இந்தக் கோரையப் பாருங்க, ஊசியாட்டம் குத்திப்போட்டுது" என்பாள். நான் வண்டியைக் கிளப்புவேன்.

போன வருடம் பிப்ரவரியில் மகளின் பிரசவத்துக்காக அவள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போனாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இருப்பதாக ஏற்பாடு. ஒரு வயது ஆனது. மகள் வேலைக்குத் திரும்பினாள், விசாவை அங்கேயே நீட்டிக்கொண்டார்கள். ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது அவள் திரும்பி நின்று சொன்னது வீட்டைப் பற்றியோ என் சாப்பாட்டைப் பற்றியோ அல்ல. "பாத்திய மட்டும் உட்டுராதீங்க" என்றாள்.

நான் விட்டுவிட்டேன். ஆடிப்பட்டம் போனது, தைப்பட்டமும் போனது. இந்த வருடம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு சபைச் செயலர் போர்ட்டிகோவில் என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க சார், அக்கா பாத்தி கோரை புடிச்சு நிக்குதுங்க. கேக்கறதுக்கு நாலு குடும்பம் இருக்குது. அக்கா எப்ப வாராங்க?"

"ஆடிக்கு முன்னாடி வந்துருவாங்க."

"அப்பச் செரிங்க. ஜூன் ரெண்டாவது ஞாயித்துக்கெழமை கமிட்டி பாக்க வாரோம். அதுக்குள்ள மண்ணாத் தெரியட்டும். இந்த ஆடிக்கு வெதைக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, போதும்."

அன்றே போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரம் பச்சை. காற்றில் அது அசைந்தது பார்க்க அழகாகக்கூட இருந்தது. பாத்தி அவள் பேரில் இருக்கும்வரை அவள் திரும்பி வருவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு உண்டாகியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் வந்து மம்முட்டி போடும்போது அந்த மண்ணில் ஒரு கோரைகூட இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கோரையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மேலே இருக்கும் புல்லைப் பிடுங்குவது சுலபம். பிடுங்கினால் கையோடு வந்துவிடும். கிழங்கு கீழேயே தங்கிவிடும். ஒரு கிழங்கிலிருந்து கம்பிபோலக் கருப்பாக ஒரு வேர் போய் அடுத்த கிழங்கில் முடியும். அதிலிருந்து இன்னொன்று. வேரை இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த இடத்துக்கு அப்பால் இருப்பது அதுவரை தூங்கிக்கொண்டிருந்தாலும் விழித்துக்கொள்ளும். அதனால் கடப்பாரையால் மண்ணை நெம்பித் தளர்த்தி, வேரை இழுக்காமல் மண்ணை அதிலிருந்து விலக்க வேண்டும். ஒரு சங்கிலி முழுதாகக் கையில் வரும்போது ஏற்படும் திருப்தி எனக்குக் கம்பெனியில்கூடக் கிடைத்ததில்லை.

பாத்தியை நைலான் கயிற்றால் கட்டங்களாகப் பிரித்தேன். ஒரு நேரத்துக்கு ஒரு கட்டம். ஒரு சாண் ஆழம்வரை மண்ணை எடுத்துச் சல்லடையில் சலித்துத் திரும்பப் போட்டேன். கம்பெனிக்குப் போகுமுன் காலையில் ஒரு மணி நேரம், சனி ஞாயிறு முழுதும். சில கட்டங்களை இரண்டாம் முறையும் சலித்தேன். கிழங்கை நசுக்கினால் கற்பூரம் கலந்த ஒரு வாசனை வரும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. பக்கத்து மேஜைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "என்னங்க சார், நாட்டு மருந்துக்கடை வெச்சுட்டீங்களா?" என்றார். அன்றைக்கு என்னிடம் வேலையைத் தாண்டி வேறு யாரும் பேசியதாக நினைவில்லை.

பாத்தியிலும் பேச ஆள் அதிகம் கிடையாது. பக்கத்துப் பாத்திக்காரர் ஒருவர்தான், அதுவும் வாரக் கடைசியில். என் வயது இருக்கும். பெருந்துறைப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தை விற்றுவிட்டு இங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சபையில் ஒரு அறுப்பின் பண்டிகையில் என் மனைவி காணிக்கையாகக் கொண்டுபோன பூசணியை ஏலத்தில் எடுத்தவர் இவர்தான். எடுத்ததை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை எங்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார். வேலி ஓரம் நின்று நான் சலிப்பதைப் பார்ப்பார். "ஏனுங்க சார், தங்கம் ஏதாவது கெடச்சுதுங்களா?" என்பார். நான் சல்லடையைத் தூக்கிக் காட்டுவேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமை காலை எனக்கு வடக்கு மூலைக் கட்டங்கள் மட்டும் மீதி இருந்தன. அன்று முழுதும் வேலை செய்தால் கமிட்டி வருவதற்குள் முடிந்துவிடும். அந்தக் கணக்கோடு கேட்டைத் திறந்து உள்ளே போனேன்.

பாத்தியில் கட்டங்கள் இல்லை. கயிறு இல்லை. மூலையில் பச்சை இல்லை. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மாவுபோல மண், ஈரம் தெரிய, வரிவரியாக. நடுவில் ஒரு புது பவர் வீடர், மண்ணைக் கிளறிக் களையெடுக்கும் சின்ன இயந்திரம், நின்றது. அதன் சுழல் கத்திகளில் நார் நாராக ஏதோ சுற்றியிருந்தது. பக்கத்துப் பாத்திக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சார், வாங்க. இன்னைக்கு நீங்க குனியவே வேண்டியதில்லீங்க."

"என்னங்க இது?"

"ஓட்டிப்போட்டனுங்க. நேத்துப் பொழுதோடதான் வண்டி வந்துச்சு. காத்தால எங்க பாத்திய ஓட்டிப் பாத்தேன், வெண்ணெயாட்டம் போகுது. உங்களுது கண்ணுல பட்டுது. மூலை இன்னும் பச்சையா நிக்குது, நாளைக்குக் கமிட்டி வாராங்க. கையோட ஓட்டிட்டேன்."

"சலிச்ச பக்கமுமா ஓட்டுனீங்க?"

"ஒரு பக்கம் ஓட்டி ஒரு பக்கம் உட்டா நல்லாவா இருக்கும்? குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு சால் உட்டனுங்க. உங்க கயித்தச் சுருட்டி ஷெட்டுல வெச்சிருக்கறேன், பாத்துக்கங்க. ஒரு முடிச்சுக்கூட அவுக்கல."

மூலையில் இருந்த கிழங்குகளை அந்தக் கத்திகள் துண்டு துண்டாக வெட்டி, நான் சலித்து வைத்திருந்த மண் முழுக்கக் கொண்டுபோய்ப் பரப்பியிருந்தன. ஒவ்வொரு துண்டும் முளைக்கும். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விடிவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

"ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க" என்றேன்.

"அட, இதென்னுங்க பெரிய சிரமம்."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச முடியாது. ஒருவர் கேட்காமல் செய்துகொடுத்த உதவியில் குறை சொல்வது, அவர் வீட்டுச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்வதைப்போல. தெருமுனைக் கடையில் மூன்று டீ வாங்கிவந்தேன். மூன்றாவது அவருடைய வீட்டம்மாவுக்கு. அந்த அம்மா தங்கள் பாத்தியில் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"சார் மூஞ்சியே செரியில்லீங்களே" என்றார் அந்த அம்மா, டம்ளரை வாங்கிக்கொண்டே. "சல்லடைக்கு வேலை இல்லாமப் போச்சுன்னு வருத்தமாட்டம் இருக்குது."

"அவரு சலிச்ச சலிப்புக்கு அந்த மண்ணுல முறுக்கே சுடலாம்" என்றார் கணவர்.

நானும் சிரித்தேன். டீ பாதி ஆனதும், சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"கோரை மறுபடி வருமேங்க?"

"வரத்தானுங்க செய்யும்." அவர் அதை மறைக்கவே இல்லை. "எங்கப்பன் காட்டுல இருந்துச்சு. காட்ட வித்துப்போட்டோம், வாங்குனவன் கம்பெனி கட்டுனான். போன மாசம் அந்தப் பக்கம் போயிருந்தேன், அவன் போட்ட தாரைப் பொத்துக்கிட்டு நிக்குது. எனக்கு என்னமோ சொந்தக்காரனப் பாத்தாப்பல இருந்துச்சு. தட்டப்பயிறு வெதச்சு உடுங்க சார். படந்து நெழலு கட்டுச்சுன்னா கோரை அடங்கிக் கெடக்கும். அக்கா அப்படித்தானே பண்ணுவாங்க."

அவள் அப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் வேப்பமரத்தடியில் இருந்திருக்கிறேன்.

அவர்கள் போன பிறகு பாத்தி நடுவில் குந்தி ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தேன். வெட்டுப்பட்ட கிழங்கு உள்ளே வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கை. அதிலும் இருந்தது. இரண்டு முறை சலித்த கட்டம் எது என்றுகூட அடையாளம் தெரியவில்லை. வெயில் ஏறியது. கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒரு பெண் தனியாக வந்து, ஒரு கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, போய்விட்டாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், இருவரும் தலையசைக்கவில்லை. ஒரு போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். தயிர்சாதம். மாடியில் இருந்த கிழங்குகளை மறுபடி திருப்பிப் போட்டேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மனைவியும் மகளும் கூப்பிடுவார்கள். அங்கே அப்போது ஏழரை, குழந்தை சாப்பிடும் நேரம். அங்கே குளிர்காலம் என்பதால் மனைவி ஸ்வெட்டரில் இருந்தாள். இங்கே அவள் ஸ்வெட்டர் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"போட்டோ பாத்தேன். அட, மண்ணாட்டம் இருக்குது. நீங்களா பண்ணுனீங்க?"

"பக்கத்துப் பாத்திக்காரர் வீடர் ஓட்டிக் குடுத்தார்."

"நல்ல மனுஷன். நீங்க சலிச்சுட்டு இருக்கறதா அவரு வீட்டக்கா அன்னைக்கு மெசேஜ் போட்டிருந்தாங்க. எதுக்குங்க சலிக்கறீங்க? நான் என்னைக்குச் சலிச்சேன்? மேலாகச் சுரண்டிப்போட்டு வெதைப்பேன், அவ்வளவுதான்."

அப்போது மகள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, ஒரு சந்தோஷமான விஷயம். அம்மாவச் சொல்ல வேண்டாம், நானே சொல்றேன்னு சொன்னேன்." பிறகு, ஜனவரியில் இன்னொரு குழந்தை பிறக்கும் என்று சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். உடம்பப் பாத்துக்க." இது உண்மைதான். சந்தோஷம்தான். என் குரலும் சரியாகவே இருந்தது. மகள் குமட்டிக்கொண்டு எழுந்து போனாள். திரையில் நானும் மனைவியும் இருந்தோம், அவள் மடியில் குழந்தை.

"அப்ப ஆடிக்கு..." என்றேன்.

"எப்படீங்க வாரது? இவளுக்குத் தண்ணி குடிச்சாக்கூட நிக்கறதில்ல. இவனை யாரு பாக்கறது?" குழந்தை அவள் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். மெதுவாக அவன் விரல்களை விடுவித்தாள். "கிறிஸ்துமஸுக்கு நீங்க லீவு போட்டுட்டு இங்க வாங்களேன்."

"பாக்கலாம்."

அவள் குழந்தைக்கு இன்னொரு வாய் ஊட்டினாள்.

"நாளைக்குக் கமிட்டி வருது. பாத்தி வேணுமான்னு கேப்பாங்க" என்றேன்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். அவள் சொல்லப்போவது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் காத்திருந்தேன்.

"எனக்காகன்னா உட்டுருங்க. எதுக்குச் சும்மா ஒரு இடத்தப் புடிச்சு வெச்சுக்கிட்டு. உங்களுக்கு வேணும்னா வெச்சுக்குங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது தேங்காய் வேண்டுமா என்று கேட்டால் சொல்வதைப்போலச் சொன்னாள். விமான நிலையத்தில் சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கவில்லை.

"வெதைக்கு வெச்சிருந்த தட்டப்பயிறு எங்க இருக்குது?"

"ஏனுங்க?"

"சும்மா கேட்டேன்."

"சமையல்கட்டுப் பரண்ல நீலத் தகர டின்னு. சாம்பல் கலந்து வெச்சது. இந்நேரம் வண்டு உழுந்திருக்கும்." உள்ளிருந்து மகள் கூப்பிட்டாள். "வாரேன், வாரேன்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். "வெச்சறட்டுங்களா?"

"வெச்சிரு."

போனை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதமாக நான் யாருக்காகச் சலித்தேனோ அவளுக்கு அந்த மண் தேவையில்லை. அதைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். செயலர் ஒன்றும் சொல்லமாட்டார். நாலு குடும்பம் காத்திருக்கிறது. கொடுத்தால் காலை ஆறரைக்கு நான் போக ஓர் இடம் இருக்காது. சல்லடையில் தங்கம் கிடைத்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதையும் நினைத்தேன், எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை. இரவுச் சாப்பாட்டுக்குக் காலையில் மீந்த இட்லி. நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து டின்னை இறக்கினேன். மூடி துருப்பிடித்திருந்தது. அன்று திறக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும், காபிக்கும் ஜெபத்துக்கும் முன்னால், டின்னின் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தேன். அவள் சொன்னதுபோலவே வண்டு விழுந்திருந்தது. சாம்பலோடு பொடிப்பொடியாகக் கொட்டியது. எல்லாவற்றையும் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கையால் கலக்கிவிட்டுக் காத்திருந்தேன். ஓட்டை விழுந்தவை மிதந்தன. அவற்றை வழித்து எடுத்துப் போட்டேன். அடியில் தங்கியவை ஒரு கைப்பிடிகூட இல்லை. அவற்றை ஈரத் துணியில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சல்லடையை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆராதனைக்கு முன் பாத்திக்குப் போனேன்.